பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. ஊழியர்களுக்காக ஒரு நகரமே எழுந்தது. வட்டம் வட்டமாக வீடுகள், பள்ளிக்கூடங்கள்!

"நம் பிள்ளையும் டவுன்ஷிப்பில் படிக்கட்டுமே" என்று சுற்றுக் கிராமத்துப் பெற்றோர் ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயம்தான். பஸ் செலவு யாருடையது?

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010-ல் மத்திய அரசு விதிகள் தூரத்தை வகுத்தன. 5-ம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர் நடைதூரத்தில் பள்ளி வேண்டும். 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் பள்ளி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, இலவச வண்டியோ தங்கிப் படிக்கும் வசதியோ அரசு செய்துதர வேண்டும்.

இதிலேதான் சிக்கல். பக்கத்தில் பள்ளி இருக்கும்போது தூரத்துப் பள்ளியை நாமே விரும்பித் தேர்ந்தெடுத்தால், இந்த விதியைக் காட்டி வண்டி கேட்க முடியாது.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. பாஸ் மட்டும் போதுமா? மணி அடிப்பதற்குள் பஸ் வர வேண்டுமே! தனியார் பள்ளி என்றால் வேன் கட்டணம் பெற்றோர் தலையில்தான்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்றும் உண்டு. வெள்ளம், சாலை இல்லாமை, வழியில் குழந்தைகளுக்கு ஆபத்து இருந்தால், அந்த 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் எல்லையையும் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும். சுரங்கமும் லாரியும் நிறைந்த வட்டாரத்துக்கு இது முக்கியம் அல்லவா?

வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கும்போது, சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு பிள்ளை நடக்கிற தூரத்தை அளந்து எழுதுங்கள். ஆபத்தான இடத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.