ஐ-க்கும் ஜே-க்கும் நடுவே ஏழு இடங்கள்

1991 செப்டம்பர் 13. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த அமெரிக்க இயற்பியலாளர் பால் குன்ஸிடம், டிம் பெர்னர்ஸ்-லீ தான் உருவாக்கியிருந்த ‘வேர்ல்ட் வைட் வெப்’பைக் காட்டினார். மேசைமேல் இருந்த நெக்ஸ்ட் கணினியிலிருந்து ஒரு கேள்வி போனது. பதில் வந்ததோ செர்னின் ஐபிஎம் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியிலிருந்து. குன்ஸுக்குப் பொறி தட்டியது அந்த இடத்தில்தான். அவர் வேலை பார்த்த கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுக்கூடத்திலும் ஒரு மெயின்ஃபிரேம் இருந்தது. அச்சேறும் முன்பே இயற்பியலாளர்கள் சுற்றுக்கு விடும் கட்டுரைகளின் பட்டியலை ஸ்பயர்ஸ் என்ற தரவுத்தளமாக அது வைத்திருந்தது. உலகமெங்கும் உள்ள துகள் இயற்பியலாளர்கள் தேடி அலைந்த புதையல் அது.

ஊர் திரும்பிய குன்ஸ் விஷயத்தைச் சொன்னதும், நூலகர் லூயிஸ் ஆடிஸ் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டே டிசம்பர் 12-ஆம் தேதி, ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வெப் சர்வர் ஸ்லாக்கில் உயிர்பெற்றது. அது ஓடியது மெயின்ஃபிரேமில்.

வெப்பின் கதையைச் சொல்பவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கோ அந்த இயந்திரத்தின் வாசலிலேயே நின்றுவிடத் தோன்றுகிறது. ஏனென்றால் வெளியே இருந்து வந்த கேள்வியை உள்ளே இருந்த இயந்திரம் அப்படியே படித்திருக்க முடியாது. இரண்டுக்கும் எழுத்தே வேறு.

அன்றைய வெப்பில் கேள்வி என்பது ஒற்றை வரி. ‘கெட்’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல், பக்கத்தில் வேண்டிய ஆவணத்தின் முகவரி. அவ்வளவுதான். கம்பியில் எழுத்துகள் போவதில்லை, எண்கள் போகின்றன. ஜி, ஈ, டி என்ற மூன்றெழுத்தும் 71, 69, 84 என்ற மூன்று எண்களாகப் போகும். இது ஆஸ்கி கணக்கு. நம் கைப்பேசி முதல் பெரும்பாலான கணினிகள் வரை இன்றும் இதன் வழியில் வந்தவைதான். ஐபிஎம் மெயின்ஃபிரேமின் கணக்கு வேறு, பெயர் எப்சிடிக். அதன் பட்டியலில் ‘ஏ’ என்ற எழுத்துக்கு எண் 65 கிடையாது, 193. நம் 71, 69, 84-ஐ அதன் பட்டியலில் தேடினால் தலைமேல் வட்டமும் சாய்கோடும் சுமந்த மூன்று ஐரோப்பிய உயிரெழுத்துகள் கிடைக்கும். ‘கெட்’டாவது, ஒன்றாவது!

அதைவிடப் பெரிய சிக்கல் வரி முடிவு. இந்த வரி முடிந்தது என்பதற்கு ஆஸ்கியில் அடையாள எண் 10. மெயின்ஃபிரேமின் யூனிக்ஸ் பகுதியில் அதே வேலையைச் செய்வது 21. மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? உலாவி தன் வரியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். சர்வரோ 21 வரட்டும் என்று இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரு பக்கமும் மௌனமாக உட்கார்ந்திருக்கும்.

ஏன் இப்படி ஒரு தனிக் கணக்கு? விடை துளை அட்டையில் இருக்கிறது. ஐபிஎம்மின் அட்டையில் 80 நெடுவரிசைகள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் மேலிருந்து கீழாக 12 இடங்கள்: உச்சியில் 12, அடுத்து 11, பிறகு 0 முதல் 9 வரை. ஒரு எண்ணுக்கு ஒரு துளை, ஒரு எழுத்துக்கு இரண்டு துளைகள். உச்சித் துளையோடு 1 முதல் 9 வரை சேர்த்தால் ‘ஏ’யிலிருந்து ‘ஐ’ வரை ஒன்பது எழுத்துகள். 11-ஆம் இடத்துத் துளையோடு சேர்த்தால் ‘ஜே’யிலிருந்து ‘ஆர்’ வரை இன்னும் ஒன்பது. மீதி எட்டும் 0-துளையோடு, 2-இல் தொடங்கி ‘எஸ்’ முதல் ‘இசட்’ வரை. 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கணினிக் குடும்பத்தை அறிவித்தபோது, எட்டு பிட் கொண்ட அதன் பைட்டுக்குள் இந்த அட்டை வரிசை அப்படியே குடியேறியது. மேல் நான்கு பிட்டும் கிட்டத்தட்ட மேல் துளை, கீழ் நான்கு பிட்டும் கீழ்த் துளை. அட்டையில் ஒன்பதோடு வரிசை முடிவதால், ‘ஐ’க்கு 201 என்றால் அடுத்த எழுத்தான ‘ஜே’க்கு 209. நடுவே ஏழு இடங்களில் எழுத்தே இல்லை. ‘ஆர்’, ‘எஸ்’ இரண்டுக்கும் நடுவே எட்டு.

அந்த 360-க்குள் ஆஸ்கிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. செயலியின் நிலையைக் குறிக்கும் சொல்லில் 12-ஆம் பிட்டைத் தட்டிவிட்டால், பதின்மக் கணக்குகளில் அது ஆஸ்கி முறைக்கு மாறும். ஐபிஎம்மின் இயங்குதளங்கள் அந்தப் பிட்டைத் தொடவே இல்லை. அடுத்து வந்த 370-இல் அது வேறு வேலைக்குப் போய்விட்டது. கதவு திறந்தே இருந்தும் யாரும் நுழையாமல் போன இந்தச் சின்ன வரலாற்றை என்னால் மறக்க முடியவில்லை.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்த மின்னஞ்சலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்த தலைமுறைக்கு இதையெல்லாம் நீட்டி விளக்க வேண்டியதில்லை. எண் ஒன்றுதான், பட்டியல் மாறினால் அன்பான கடிதமும் கிறுக்கலாகிவிடும். எழுத்துகளுக்கு நடுவே பள்ளம் விழுவதும் நமக்குப் புதிதல்ல. யூனிகோடில் ‘க’வுக்கு எண் 2965, அடுத்து வரும் ‘ங’வுக்கு 2969. நடுவே உள்ள மூன்று இடங்களும் காலி. இந்திய மொழிகளை எல்லாம் தேவநாகரி வரிசையோடு ஒத்துப்போகும்படி அடுக்கியதால், நம்மிடம் இல்லாத மூன்று எழுத்துகளுக்கான நாற்காலிகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. தமிழுக்கு மென்பொருள் எழுதுபவர் ‘க’விலிருந்து ‘ன’ வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் அந்தக் காலி இடங்களில் இடறுவார்.

இதே போன்ற பள்ளங்களைத் தாண்ட வேண்டியிருந்த அப்பாச்சி என்ற வெப் சர்வருக்கு இனி வருவோம். இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ராப் மக்கூல் எழுதிய சர்வர், அவர் விலகியபின் பராமரிப்பின்றிக் கிடந்தது. அதைப் பயன்படுத்தியவர்களே ஆளுக்கொரு திருத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1995-இல் அவர்களில் சிலர் ஒன்றுசேர்ந்து உருவாக்கியதுதான் அப்பாச்சி. மூல நிரல் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கணினிக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளலாம். ஒரு கணினிக்கு எழுதியதை வேறு வகைக் கணினியில் ஓட வைப்பதற்குப் போர்ட்டிங் என்று பெயர். யூனிக்ஸ் கணினிகளுக்குள்ளேயே அது சுலபமான வேலையில்லை. எழுத்துப் பட்டியலே வேறாக இருக்கும் ஒரு கணினிக்கு அப்பாச்சியை முதன்முதலில் கொண்டுபோனது ஜெர்மனியின் சீமென்ஸ். அவர்களுடைய பிஎஸ்2000 மெயின்ஃபிரேமும் எப்சிடிக் பேசுவதுதான். 1998-இல் வெளிவந்த அப்பாச்சி 1.3 பதிப்பிலேயே அந்த வேலை சேர்ந்துவிட்டது.

அவர்கள் எதிர்கொண்டது என்ன என்பதை ஒரு சின்ன இடத்தில் காட்டுகிறேன். முகவரியில் இடைவெளி வரக்கூடாது என்பதால் உலாவி அதை ‘%20’ என்று மாற்றி அனுப்பும். 20 என்பது பதினாறடிக் கணக்கு, நம் கணக்கில் 32. ஆஸ்கியில் 32 என்றால் இடைவெளி. சர்வர் ‘%20’-ஐப் பார்த்ததும் 32 என்ற எண்ணை அங்கே வைத்துவிடும், வேலை முடிந்தது. நிரலை எழுதியவருக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் எப்சிடிக்கில் இடைவெளியின் எண் 64. 32 என்பது அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி. இடைவெளி உள்ள பெயரில் ஒரு கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும், சர்வரோ அப்படி ஒன்று இல்லை என்று கைவிரிக்கும். ஆகவே ‘%’ குறிக்குப் பின்னால் வரும் எண்ணைக் கணக்கிட்டபின் அதை எப்சிடிக் பட்டியலிலும் ஒருமுறை மாற்ற வேண்டும்.

இப்படி நிரல் முழுக்க. ஓர் எழுத்து பெரிய எழுத்தா என்று பார்க்க ‘ஏ’க்கும் ‘இசட்’டுக்கும் நடுவே இருக்கிறதா என்று கேட்டால் போதும் என்று நினைப்பார்கள். எப்சிடிக்கில் 193 முதல் 233 வரை 41 இடங்கள், அவற்றில் 26 மட்டுமே எழுத்து. நெளி அடைப்புக்குறியும் பின்சாய்கோடும்கூட அந்த வரம்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கடவுச்சொல்லை எம்டி5 முறையில் சுருக்கும்போது இன்னொரு வம்பு. எதிர்முனையில் உலாவி ஆஸ்கி எண்களை வைத்துக் கணக்கிட்டிருக்கும், இங்கே எப்சிடிக் எண்களை வைத்துக் கணக்கிட்டால் விடை ஒருபோதும் பொருந்தாது. அகரவரிசைப்படி அடுக்கினால் ஆஸ்கியில் எண்கள் முதலில் வரும், எப்சிடிக்கில் கடைசியில்.

இவை எதுவும் பிழையல்ல என்பதுதான் எனக்கு வியப்பு. எழுதியவர்கள் திறமைசாலிகள். ‘ஏ’ என்றால் 65 என்பதை அவர்கள் ஒரு முடிவாக எடுக்கவே இல்லை. மூச்சு விடுவதுபோல அது அவர்களுக்குள் இருந்தது. வேறு காற்றுள்ள ஊருக்குப் போனபோதுதான் தாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது. மூல நிரல் பூட்டிக் கிடந்திருந்தால் அந்த இடங்களை வேறு யாரும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

தீர்வில் ஓர் அழகு உண்டு. சர்வருக்குள் பைட்டுகள் வந்துபோகும் வழி எல்லாம் ஒரே இடைத்தாங்கல் வழியாகத்தான் என்று கண்டுகொண்டு, அந்த வாசலில் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தார்கள். உள்ளே வருவது எப்சிடிக் ஆகும், வெளியே போவது ஆஸ்கி ஆகும். ஒரு பைட்டுக்குப் பதில் ஒரு பைட் என்பதால் ஆவணத்தின் நீளம் மாறாது, தலைப்பில் சொன்ன அளவும் பொய்க்காது. ஆனால் படங்களை மாற்றக்கூடாது. ஒரு படத்தின் பைட்டுகளை எழுத்துப் பட்டியல் வழியாகத் திருப்பினால் படம் சிதைந்துவிடும். எனவே ஒரே பதிலில் தலைப்பு வரிகளை மாற்ற வேண்டும், அதன்பின் வரும் படத்தைத் தொடாமல் விட வேண்டும். எது எழுத்து, எது படம் என்பதை ஆவணத்தின் வகைப் பெயரே சொல்லிவிடும். வெப்பில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் இப்படி ஒரு வகைப் பெயரை ஒட்டும் பழக்கம் வேரூன்றியதற்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும்.

சீமென்ஸ் குழுவின் மனதில் இன்னொரு கணக்கும் இருந்தது. செர்னின் பழைய சர்வர் ஒவ்வொரு கேள்வி வந்தபிறகும் அதற்கென்று புதிய செயல்முறையைப் பெற்றெடுக்கும். மெயின்ஃபிரேமில் அது கனமான காரியம். அப்பாச்சியோ முன்கூட்டியே சிலவற்றைப் பெற்றுத் தயாராக நிறுத்தி வைக்கும். அந்த முறை குறைந்தது ஐந்து மடங்கு வேகம் தரும் என்று நிரூபிப்பதும் அவர்களுடைய நோக்கம்.

ஐபிஎம் பக்கத்து இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் கம்பைலரைத் தொடும் முன்பே சோதனை வந்துவிடும். பதிவிறக்கிய மூல நிரல் ஒரு பொதியாக வரும், உள்ளே இருப்பது ஆஸ்கி. அதைப் பிரிக்கும்போதே எப்சிடிக்குக்கு மாற்றச் சொல்லி ஒரு கட்டளை உண்டு. மாற்றாமல் பிரித்தால், கட்டுமானத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்டையே ஷெல் படிக்காது. மாற்றிப் பிரித்தாலோ நிரலோடு வந்த சின்னஞ்சிறு படங்களும் சேர்ந்து மாறிப் பாழாகும். ஆகவே ஒரே பொதியை இரண்டு முறை பிரித்து, நிரலை ஒன்றிலிருந்தும் படங்களை மற்றொன்றிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கும். எப்சிடிக்குக்கு உள்ளேயும் கிளைப் பட்டியல்கள் பல. சி மொழியில் அடிக்கடி வரும் சதுர அடைப்புக்குறி ஒரு பட்டியலில் 173, இன்னொன்றில் 186. இத்தனை பாடு எதற்கு? வங்கிகளின், விமான நிறுவனங்களின் கணக்குகள் அந்தக் கணினிக்குள்ளேயே இருப்பதால் சர்வரும் அவற்றின் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. 2015-இல் வந்த இசட்/ஓஎஸ் 2.2-இல் ஐபிஎம் தன் பழைய சர்வரை விட்டுவிட்டு, அப்பாச்சியை அடிப்படையாகக் கொண்டதை மட்டும் வைத்துக்கொண்டது.

இன்னொரு வழியும் 1999 டிசம்பரில் திறந்தது. ஐபிஎம்மின் ஜெர்மன் ஆய்வகத்தில் உருவான, மெயின்ஃபிரேமுக்கான லினக்ஸ் நிரலை அந்த மாதம் பொதுவெளியில் வைத்தார்கள். லினக்ஸுக்குள் எல்லாம் ஆஸ்கி. செயலியோ அதே பரம்பரைச் செயலி. அதற்கு எண்களைக் கூட்டவும் நகர்த்தவும் தெரியும், 65-ஐ எழுத்தாகப் பார்ப்பதா 193-ஐப் பார்ப்பதா என்பதில் அதற்குப் பெரும்பாலும் பிடிவாதம் கிடையாது. அங்கே அப்பாச்சியைக் கட்டுவது சாதாரண லினக்ஸ் கணினியில் கட்டுவது போலத்தான். அடுத்த ஆண்டே டேவிட் பாய்ஸ் என்ற பொறியாளர் ஒற்றை மெயின்ஃபிரேமுக்குள் 41,400 லினக்ஸ்களைத் தனித்தனிக் கணினிகள் போலத் தொடங்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு வெப் சர்வரை ஓட்டலாம்.

ஆனாலும் என் மனம் எப்சிடிக் வாசலையே சுற்றிவருகிறது. இப்போது இசட்/ஓஎஸ்-இல் ஓடும் ஒரு சர்வருக்கு உங்கள் கைப்பேசியிலிருந்து 71, 69, 84 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அது 199, 197, 227 ஆகிறது. இந்த மூன்றையும் பழைய அட்டை ஒன்றில் துளையிட்டால் முதல் நெடுவரிசையில் உச்சியிலும் 7-லும், இரண்டாவதில் உச்சியிலும் 5-லும், மூன்றாவதில் 0-விலும் 3-லும் துளை விழும். அந்த அட்டைகளைப் படித்துப் பழகிய ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஜி, ஈ, டி என்று வாசித்துவிடுவார்.