நூற்றுக்கு நூறு

தேர்வில் நூற்றுக்கு நூறு பெற்ற மாணவன் பாடம் முழுவதையும் அறிந்தவன் ஆவானா? கேட்ட வினாக்களுக்கு விடையறிந்தவன் என்பது மட்டுமே உறுதி. கணிப்பொறி நிரல்களுக்கும் இது பொருந்தும்.

எர்லாங் என்னும் நிரல்மொழி, 1986இல் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில், தொலைபேசி இணைப்பகங்களின் தேவை கருதி உருவாகத் தொடங்கியது. அம்மொழி நிரல்களைத் தொகுத்தளிக்கும் கருவிகளுள் ஒன்று ரீபார் 3. சிறு செயற்கூறுகளைத் தனித்தனியே ஆராயும் ஈயூனிட் சோதனைகளையும் அது நடத்தும். கவர் என்னும் துணைக்கருவியால், சோதனையின்போது எவ்வரி எத்தனை முறை இயங்கிற்று என்று எண்ணி, நூற்றுவீதமும் தரும்.

சராசரி காணும் செயற்கூறு ஒன்றைக் கொள்வோம். கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுக்கும் ஒரே வரிதான் அதில் உண்டு. 40, 60 ஆகியவற்றைக் கொடுத்து, 50 வருகிறதா என்று சோதிக்கிறோம், வருகிறது. நூற்றுவீதம் 100! ஆயினும், வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், பூச்சியத்தால் வகுக்க இயலாமல் அதே வரி பிழைபட்டு நின்றுவிடும்.

ஆகவே, இயங்காத வரி சோதிக்கப்படவில்லை என்பது திண்ணம். இயங்கிய வரி பிழையற்றது என்பது திண்ணமன்று.

பின் செய்யத்தக்கது யாது? வெற்றுப் பட்டியலுக்கு உரிய விடையை வரையறுத்து, முதலில் அதற்கொரு சோதனை எழுதுக. அது தோற்பதைக் கண்டபின் செயற்கூற்றைத் திருத்துக. நிரல் மாறுந்தோறும் எல்லாச் சோதனைகளையும் மீண்டும் நடத்துக. அப்பிழை மறுபடி தலைகாட்டினால், அச்சோதனையே முதலில் குரல் கொடுக்கும்.