கணினி கண் திறக்காத காலையில்

மும்பை மாதுங்காவில் மளிகைக் கடை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், ஒரு மாதத்தின் 18ஆம் நாள் காலை வழக்கம்போல் கணினியின் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. ஆனால் திரை கறுப்பாகவே நின்று, துவங்குவதற்கு உரிய சாதனம் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி காட்டியது. ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். கொள்முதல், விற்பனை, வரவேண்டிய பாக்கி என ஆறு ஆண்டுக் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பழுது பார்க்க வந்த இளைஞர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம், மாலைக்குள் தயார் என்றார். வேறு வேலையாக அங்கே சென்றிருந்த நாம், சற்றுப் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டோம்.

கணினி துவங்கவில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது எந்த இடத்தில் நின்றது என்பதே முதல் கேள்வி. ஒரு வங்கிக் கிளையைக் காலையில் திறப்பதை எண்ணிப் பாருங்கள். காவலர் வாயிலைத் திறக்கிறார், விளக்குகள் எரிகின்றன, பெட்டக அறையை இருவர் தத்தம் சாவியால் திறக்கின்றனர், அதன் பிறகே காசாளர் முன் வரிசை தொடங்குகிறது. கணினியிலும் மின்சாரம் வந்தவுடன் பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருள் விழித்து, நினைவகமும் விசைப்பலகையும் சரியாக உள்ளனவா என்று சோதிக்கிறது. (புதிய கணினிகளில் இதன் பெயர் யூஇஎஃப்ஐ.) பிறகு அது வன்தட்டைத் தேடி, அதிலுள்ள துவக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அந்நிரல் இயங்குதளத்தை அழைத்து வருகிறது. வாயில் திறக்காததற்குக் காசாளரைக் கடிந்து பயனில்லை அல்லவா?

விளக்கே எரியவில்லை என்றால் மின்கம்பி, யுபிஎஸ், சார்ஜர் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். மடிக்கணினியாயின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விட்டபின் மீண்டும் முயலலாம். விளக்கு எரிந்தும் திரையில் ஒன்றும் தோன்றாமல் ‘பீப்’ ஒலி மட்டும் கேட்டால், ஐயம் பெரும்பாலும் ரேம் மீதே. மின் இணைப்பைத் துண்டித்து, ரேம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிப்பானால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்துவது நம் ஊர்ப் பழுதுபார்ப்போர் அனைவரும் அறிந்த வைத்தியம். பல வேளைகளில் பலிக்கவும் செய்கிறது.

மாதுங்கா கணினி இந்த இரண்டு படிகளையும் கடந்து, வன்தட்டைத் தேடும் இடத்தில் நின்றிருந்தது. இத்தகைய நேரத்தில், பென் டிரைவ் ஏதேனும் செருகியபடியே விடப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். வன்தட்டை விடுத்து அதிலிருந்து துவங்க முயன்று கணினி ஏமாந்திருக்கலாம். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. பயாஸ் திரையைத் திறக்கச் சொன்னோம். வன்தட்டின் பெயர் பட்டியலில் தெளிவாக இருந்தது. ஆனால் மேலே காட்டிய தேதி பல ஆண்டுகளுக்கு முந்தையது!

காரணம் அப்போதே புலப்பட்டது. தாய்ப்பலகையில் சிஆர்2032 என்னும் நாணய வடிவ மின்கலம் ஒன்று உண்டு. மூன்று வோல்ட் அளவுள்ள அச்சிறு வில்லைதான் மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓடவைக்கிறது. பல கணினிகளில் பயாஸின் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுவே. இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செல்லும் கடைகளில் அது சற்று விரைவாகவே தீர்ந்துபோகும். தீர்ந்ததும் அமைப்புகள் ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிட்டன. பழைய முறையில் துவங்குமாறு ஏற்றப்பட்டிருந்த விண்டோஸை, பயாஸ் இப்போது புதிய முறையில் தேடியது. தேடிக் காணாமல், இல்லை என்றது. மின்கலத்தை மாற்றி, தேதியைத் திருத்தி, துவக்க முறையை முன்போல் வைத்ததும் விண்டோஸ் எழுந்தது. செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கியது. ஃபார்மட் செய்திருந்தால் ஆறு ஆண்டுக் கணக்கும் போயிருக்கும். அடுத்த முறை மின்சாரம் நின்றபோது அதே கறுப்புத் திரையும் திரும்ப வந்திருக்கலாம்.

விண்டோஸின் சின்னம் வரை வந்து நின்றுவிடும் கணினி வேறு வகை. இதற்கு 2024 ஜூலை 19ஆம் நாளைவிடச் சிறந்த சான்று இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அன்று இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு அனுப்பிய ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் உறைந்தன. நம் விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களுமாகப் பத்து மட்டுமே சிறு தடங்கலைச் சந்தித்தன என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அத்தனை பெரிய முடக்கத்துக்கும் பரிகாரம், கணினியை ‘சேஃப் மோடில்’ திறந்து ஒரே ஒரு கோப்பை நீக்குவதுதான். ஆனால் பல இடங்களில் அதற்கு முன் பிட்லாக்கர் பூட்டின் 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. அதை உடனே எடுக்க முடியாத இடங்களில் வேலை நீண்டது.

வீட்டுக் கணினிக்கும் இவ்வழி பொருந்தும். விண்டோஸ் சில முறை தொடர்ந்து துவங்கத் தவறினால், மீட்புத் திரை தானாகவே தோன்றும். அதில் துவக்கப் பழுதை நீக்குதல், அண்மைய புதுப்பிப்பை அகற்றுதல், சேஃப் மோடு ஆகியவற்றை முதலில் முயலலாம். கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மீட்டமைக்கும் வசதி கடைசியில்தான். அதில் நாம் ஏற்றிய மென்பொருள்கள் நீங்கிவிடும். கணக்கு மென்பொருளின் தரவு தப்பும் என்று நம்பியிருக்கலாகாது. வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒலி வருமானால் எதையும் முயலாமல் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எஞ்சிய தரவும் சிதையக்கூடும். மற்றபடி, வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால் கோப்புகளைப் பெரும்பாலும் நகலெடுத்துவிடலாம். பிட்லாக்கர் இருப்பின் அங்கும் அந்த 48 இலக்கம் வேண்டும். அதை இன்றே எழுதிப் பாஸ்புக்குடன் வைப்பது நன்று.

வங்கி என்ற முறையில் எமக்குப் பெரும் கவலை வேறொன்று. கணினி முடங்கியவர் கைப்பேசியில் உதவி எண்ணைத் தேடுகிறார். தேடலில் முதலில் வருவது மோசடிக்காரர் எண்ணாக இருக்கக்கூடும். அவர் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றச் சொல்வார். சேவைக் கட்டணமாகப் பத்து ரூபாய் அனுப்பச் சொல்வார். அதன் வழியே ஓடிபி அவர் கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் தரப்பின் மீறலால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்தது. ஆனால் ரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்துவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். ஆகவே ஐயம் எழுந்த கணமே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். கணினியைக் கடையில் விடுமுன், வேறொரு சாதனத்திலிருந்து இணைய வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள் அந்த வன்தட்டுடனேயே போகின்றன. வன்தட்டை மாற்றினார்கள் என்றால், பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறவாதீர்கள். பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

மாதுங்கா வாடிக்கையாளர் 19ஆம் தேதி மாலையே படிவத்தைத் தாக்கல் செய்தார். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டறிக்கைக்கு உரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் பேணவேண்டும் என்பதை அவருக்கு நினைவூட்டினோம். இப்போது சனிக்கிழமைதோறும் கணக்குகளை இரண்டு பென் டிரைவ்களில் நகலெடுக்கிறார். ஒன்று கல்லாப்பெட்டியில் இருக்கிறது. மற்றொன்றை அவர் மனைவி வீட்டு அலமாரியில் வைக்கிறார்.