10-ஆம் கட்டத்தில் என்ன எழுத வேண்டும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மொட்டைமாடிகளுக்கு மேலே பறக்கும் விமானங்களுக்கு வழிசொல்வது மீனம்பாக்கத்துக் கட்டுப்பாட்டு அறை. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி வரும் ஒரு சிறிய விமானத்தின் கருவிப் பலகையில் என்னென்ன இருக்கிறது என்று அந்த அறையில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது. ஃபிளைட் பிளான் படிவத்தின் 10-ஆம் கட்டத்தில் விமானி எழுதிய சில எழுத்துகள்தான் அவருக்குச் சாட்சி. எந்தப் பாதையைக் கொடுக்கலாம், எந்த முறையில் இறங்கச் சொல்லலாம் என்பதற்கெல்லாம் அவையே ஆதாரம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வாங்கிச் சொந்தமாகப் பறப்பவர், போன தடவை எழுதியதையே பார்த்து எழுதக் கூடாத கட்டம் இது.

2012 நவம்பர் 15 அன்று இந்த எழுத்துகளைச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ உலகம் முழுவதற்கும் மாற்றியது. அதுவரை பெரும்பாலும் கருவிப் பட்டியலாக இருந்த கட்டம், அன்றுமுதல் திறனையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது. கருவி விமானத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது அன்றைக்கு வேலை செய்ய வேண்டும், விமானிக்கு அதில் தகுதி இருக்க வேண்டும், அனுமதி தேவைப்படும் இடத்தில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் அனுமதியும் வேண்டும்.

எஸ் என்ற எழுத்து 'வழக்கமான கருவிகள்' என்பதைக் குறிக்கும். முன்பு அதற்குள் விஎச்எஃப் ரேடியோ, ஏடிஎஃப், விஓஆர், ஐஎல்எஸ் நான்கும் அடக்கம். 2012-இல் ஏடிஎஃப் அதிலிருந்து வெளியேறியது. அந்தக் கருவி இருந்தால் இப்போது எஃப் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். டிஎம்இ எஸ்ஸுக்குள் வராது, அதற்கு டி. ஜி1000 திரை பொருத்திய செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் டிஎம்இ கிடையாது. ஜிபிஎஸ் தூரத்தைக் காட்டுகிறதே என்று அதில் டி போடுவது தவறு.

ஜி, ஆர் ஆகிய இரண்டிலும்தான் குழப்பம் அதிகம். செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கிறது என்பதற்கு மேல் ஜி எதையும் சொல்வதில்லை. பாதையை எவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடியும் என்பதைச் சொல்ல ஆர் போட வேண்டும். கூடவே 18-ஆம் கட்டத்தில், பிபிஎன் தலைப்பில், விவரத்தையும் தர வேண்டும். அங்கே டி2 என்றால் ஆர்நாவ் 1, அதாவது செயற்கைக்கோள் துணையோடு பறப்பு நேரத்தின் 95 சதவீதமாவது பாதையிலிருந்து 1 கடல் மைலுக்குள் இருக்கும் திறன். எஸ்1 என்றால் ஆர்என்பி அப்ரோச். இப்படி 8 குறியீடுகள் வரை எழுதலாம். ஆர் போட்டுவிட்டு இந்த விவரத்தை விட்டால் படிவம் அரைகுறைதான்.

அமெரிக்காவில் பயிற்சி எடுத்துத் திரும்பியவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. அங்கே உள்நாட்டுப் பறப்புக்கு நெடுங்காலம் ஒற்றை எழுத்து முறைதான் இருந்தது. சாய்கோடு போட்டு ஜி என்று எழுதினால் ஜிபிஎஸ், டிரான்ஸ்பாண்டர் இரண்டும் அதில் அடங்கிவிடும். 2019 ஆகஸ்ட் 27 முதல் அங்கும் ஐகாவோ படிவம் கட்டாயம். பழைய குறிப்பேட்டின் ஜியும் இந்த ஜியும் ஒன்றல்ல.

ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தான பி, செயற்கைக்கோளின் செங்குத்து வழிகாட்டலையும் நம்பும் எல்பிவி முறையில் இறங்கும் திறனைக் குறிக்கிறது. இந்தியாவில் அதற்கு ஆதாரம் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய, ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் அமைப்பான ககன். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையருகே செல்வதால், நமக்கு மேலே உள்ள அயனி மண்டலம் ஜிபிஎஸ் சமிக்ஞையை ஓயாமல் அலைக்கழிக்கும். 15 தரை நிலையங்கள் அந்தப் பிழையை அளக்கின்றன, செயற்கைக்கோள்கள் வழியே திருத்தம் விமானத்துக்குப் போகிறது. செங்குத்து வழிகாட்டலோடு இறங்குவதற்கான சான்றிதழ் ககனுக்கு 2015 ஏப்ரலில் கிடைத்தது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் இம்முறையில் இறங்கியது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இதைச் சாதித்தது பெரிய காரியம். ஆனால் சாதாரண ஜிபிஎஸ் மட்டும் உள்ள விமானம் இந்த எழுத்தைப் போட முடியாது.

10-ஆம் கட்டத்தில் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது டிரான்ஸ்பாண்டர். உயரத்தைச் சொல்லும் பழைய வகைக்கு சி, விமானத்தின் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லும் மோட்-எஸ்ஸுக்கு எஸ், ஏடிஎஸ்-பி வரை செய்யும் மோட்-எஸ்ஸுக்கு ஈ. அந்த ஈயோடு, 1090 மெகாஹெர்ட்ஸில் தன் இடத்தை அறிவிக்கும் விமானம் பி1 சேர்க்கும்.

கிளம்பும் நாளில் ஜிபிஎஸ் ரிசீவர் பழுதானால் ஜியை மட்டும் அடித்தால் போதாது. அதை நம்பி எழுதிய ஆர், பி, டி2, எஸ்1 எல்லாம் போக வேண்டும். அதே ரிசீவரிலிருந்து இடத்தை எடுக்கும் ஏடிஎஸ்-பியின் பி1-உம் போக வேண்டும், ஈ இருந்த இடத்தில் எஸ் வர வேண்டும். திருத்தச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகே சக்கரம் நகரலாம்.