தடை சொல்ல ஆளில்லாத இடம்

சிறு படை – 9

கெல்லி ஜான்சன் பர்பேங்கில் 143 நாளில் ஒரு ஜெட் போர் விமானத்தைச் செய்து முடித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது உலகப் போர்க் காலம். கழுத்துக்குக் கத்தி வந்தால் யாரும்தான் ஓடுவார்கள். சாதாரண வியாபாரத்தில், லாபம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் ஒரு கம்பெனியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆகவே இந்த வாரம் போர் இல்லை, ஒற்றர்கள் இல்லை. ஃபுளோரிடா மாநிலத்தில் போக்கா ராட்டன் என்ற கடலோர ஊருக்குப் போகிறோம்.

ஆண்டு 1980. ஐ.பி.எம்.மில் அப்போது மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை பார்த்தார்கள். வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அறை முழுக்க நிற்கும் பெரிய கம்ப்யூட்டர் என்றாலே ஐ.பி.எம்.தான். ஆனால் மேஜை மேல் வைக்கிற சின்ன கம்ப்யூட்டர் என்று ஒரு புதுச் சந்தை 1977-லிருந்து வளர்ந்துகொண்டிருந்தது. ஆப்பிள், டாண்டி, கமடோர் என்று மூன்று கம்பெனிகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஐ.பி.எம். முயற்சி செய்யாமல் இல்லை. 1975-லேயே 5100 என்ற சிறிய இயந்திரம் ஒன்றை வெளியிட்டது. அதன் ஆரம்ப விலையே சுமார் ஒன்பதாயிரம் டாலர். அந்த விலைக்கு ஆறு ஆப்பிள் வாங்கலாம்.

ஐ.பி.எம். ஒரு காலி அட்டைப் பெட்டியை வாசலுக்கு வெளியே அனுப்புவதற்கே ஒன்பது மாதமாகும் என்றொரு கேலி அந்த நாளில் புழங்கியது. பணமோ அறிவாளிகளோ அங்கே குறைவில்லை. பிறகு ஏன் இப்படி?

காரணங்களில் முக்கியமானது அங்கே இருந்த ‘நான்-கன்கர்’ என்ற ஏற்பாடு. ஒரு திட்டம் கீழிருந்து மேலே போகிற வழியில், அதனால் தொடப்படும் எந்தத் துறையும் ‘எனக்கு உடன்பாடில்லை’ என்று எழுதி வைக்கலாம். அந்த மறுப்பு தீரும்வரை கோப்பு நகராது. அதைத் தீர்க்க ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஓர் அறிக்கை, அறிக்கைக்கு இன்னொரு துறையின் மறுப்பு. 1993-இல் வெளியாளாக வந்து தலைமையேற்ற லூ கெர்ஸ்ட்னர், இந்த வழக்கத்தைக் கண்டு திகைத்து, அதை ஒழித்துக் கட்டினார்.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் இருந்தது. 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக்காக ஐ.பி.எம். 500 கோடி டாலரைப் பந்தயம் வைத்தது. அந்த அளவு பணம் போட்டு, பல லட்சம் டாலர் விலையுள்ள இயந்திரத்தை ஒரு வங்கியில் நிறுத்திவிட்டு, அப்புறம் ‘ஒரு தப்பு நடந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது. பத்து பேர் தடை சொல்லிப் பார்த்த பிறகும் நிற்கிற திட்டம்தான் அங்கே பிழைக்கும். ஆயிரத்து ஐந்நூறு டாலர் பொருளையும் அதே சல்லடையில் போட்டுச் சலித்ததுதான் கோளாறு.

1980 ஜூலையில் பில் லோ என்பவர் ஆர்மங்க் நகரிலிருந்த தலைமையகத்துக்குப் போய் நிர்வாகக் குழுவின் முன் நின்றார். போக்கா ராட்டன் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அவர். நம் வழக்கப்படி செய்தால் இந்தச் சந்தைக்குள் நுழையவே முடியாது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். வெளிக் கம்பெனி ஒன்றிடம் இயந்திரத்தை வாங்கி நம் பெயரை ஒட்டி விற்பது ஒரு வழி. அடாரியின் பெயர்கூட அடிபட்டது. இல்லையென்றால் வழக்கங்கள் எதற்கும் கட்டுப்படாத ஒரு தனிக் குழு. சேர்மன் ஃபிராங்க் கேரி இரண்டாவதற்குத் தலையசைத்தார். ஆகஸ்டில் லோ ஒரு மாதிரி இயந்திரத்தோடு திரும்பி வந்தார். ஒரு வருடத்தில் பொருள் கடைக்கு வரவேண்டும் என்று முடிவானது.

தொடக்கத்தில் பன்னிரண்டு பேர். லோ பதவி உயர்வில் வேறிடம் போக, டான் எஸ்ட்ரிட்ஜ் தலைவரானார். தலைமையகத்திலிருந்து வரும் தொலைபேசிகளுக்குத் திருப்பிப் பேச மாட்டார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. சுமார் ஆயிரம் மைல் தூரம் அவருக்குப் பெரிய வசதி. அவர் பதில் சொல்ல வேண்டியது உச்சியில் இருந்தவர்களுக்கு மட்டுமே. நடுவில் இருந்த படிக்கட்டு முழுவதும் எடுபட்டுப் போயிருந்தது. குழுவின் உண்மையான பலம் இதுதான் என்பது என் எண்ணம். பன்னிரண்டு என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. பன்னிரண்டு பேரை அமர்த்திவிட்டு, அவர்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வைத்திருந்தால், அது ஐம்பத்திரண்டு பேர் கொண்ட மெதுவான குழு. நம்மூர்ப் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ‘புத்தாக்கப் பிரிவு’ என்று பலகை மாட்டி வைத்திருப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

அந்தச் சுதந்திரத்தை வைத்து அவர்கள் செய்த முதல் வேலை, ஐ.பி.எம்.மில் யாரும் செய்யத் துணியாதது. தேவையான பாகங்களை வீட்டிலேயே செய்துகொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டு, வெளியே கடையில் கிடைப்பதை வாங்கினார்கள். ஐ.பி.எம்.மின் சொந்தப் பிரிவுகளும் வெளியாரைப் போலவே விலை சொல்லிப் போட்டியிட வேண்டும். புரோசஸர் இன்டெல்லின் 8088. பிரின்டர் ஜப்பானின் எப்சன். ஃபிளாப்பி டிரைவ் தந்தது, ஜுகி டண்டன் என்ற இந்தியர் கலிபோர்னியாவில் நடத்திய கம்பெனி. இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட்டிடம் கேட்டார்கள். அந்த மைக்ரோசாஃப்ட்டே அப்போது நாற்பது பேர் கொண்ட கடை. அவர்களிடமும் இயங்குதளம் இல்லை. சியாட்டிலில் இன்னும் சின்ன கம்பெனி ஒன்று டிம் பேட்டர்சனை வைத்து எழுதியிருந்ததை, மொத்தம் 75,000 டாலருக்கு வாங்கித் திருத்திக் கொடுத்தார்கள். விற்பனையும் அப்படியே. கோட்டு, டை அணிந்த தன் விற்பனைப் படையை மட்டும் நம்பியிருந்த ஐ.பி.எம்., முதல் முறையாக கம்ப்யூட்டர்லேண்ட், சியர்ஸ் போன்ற அடுத்தவர் கடைகளில் தன் பொருளை வைத்தது.

1981 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில் ஐ.பி.எம். பி.சி. அறிவிக்கப்பட்டது. அடிப்படை மாடல் 1,565 டாலர். சொன்ன கெடுவுக்குள் வந்துவிட்டது.

இங்கே ஒரு கிளைக்கதை. அதே 1981-இல், நான்கு மாதம் முன்னதாக, ஆஸ்போர்ன்-1 என்ற கம்ப்யூட்டர் வந்திருந்தது. சூட்கேஸ் போலத் தூக்கிக்கொண்டு போகலாம். எடை பதினொரு கிலோ. இதைக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்போர்ன் நமக்கு அந்நியர் அல்ல. ரமண மகரிஷியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதிய ஆர்தர் ஆஸ்போர்னின் மகன். சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். கடைசிக் காலத்தில் கொடைக்கானலுக்கு வந்து 2003-இல் அங்கேயே காலமானவர். அவருடையதும் சிறு படைதான், ஐ.பி.எம். குழுவைவிட வேகமான படை. இருந்தும் 1983 செப்டம்பரில் திவாலானது. அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசி இருக்கும் மாடலின் விற்பனையைக் கெடுத்துக்கொண்டார் என்பார்கள்; கணக்கு வழக்கும் சரியில்லை என்பார்கள். எப்படியோ, ஒரு சறுக்கலைத் தாங்கும் பணம் பின்னால் இல்லை. எஸ்ட்ரிட்ஜ் குழுவுக்கு அது இருந்தது. கூடவே அந்த மூன்று எழுத்துகளின் பெயரும் இருந்தது. ஆப்பிளைப் பொம்மை என்று நினைத்த அலுவலக மேலாளர்கூட ஐ.பி.எம். என்றால் யோசிக்காமல் வாங்கினார். சின்னக் குழுவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவசரத்துக்கும் விலை இருந்தது. கடையில் வாங்கிய பாகங்களால் செய்ததை மற்றவர்களும் செய்யலாம். போதாததற்கு, இயந்திரத்தின் சர்க்யூட் படங்களையும் பயாஸ் நிரலையும் ஐ.பி.எம்.மே கையேடாக அச்சிட்டு விற்றது. அதே இயங்குதளத்தைப் பிறருக்கு விற்கும் உரிமை மைக்ரோசாஃப்ட் கையில் இருந்தது. 1982-இல் ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ என்ற மூவர் டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு ஹூஸ்டனில் காம்பேக் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் மாடலின் படத்தை ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் வரைந்தார்கள். முழுதாக விற்பனை நடந்த முதல் ஆண்டில் 11 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றார்கள்.

பன்னிரண்டு பேரும் எதிர்காலத்தை அடகு வைத்துவிட்டார்கள் என்று இதைச் சொல்லிக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. எல்லாவற்றையும் வீட்டுக்குள் பூட்டி வைத்துச் செய்திருந்தால் ஒரு வருடத்தில் முடிந்திருக்காது. முடியாதிருந்தால் நகலெடுக்கவும் ஒன்றும் இருந்திருக்காது. நகலெடுப்பவர்களைவிட ஓரடி முன்னால் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் போதும். அதற்குள் ஓடும் கால்கள்தான் மாறிவிட்டன.

மாற்றியது வெற்றி. 1983 ஆகஸ்டில் அந்தக் குழு முறையான ஒரு பிரிவாக, எஸ்ட்ரிட்ஜைத் தலைவராகக் கொண்டு, நிறுவனத்தின் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. 1984-இல் பி.சி. வருமானம் சுமார் 400 கோடி டாலர். ஆட்கள் ஏறக்குறைய பத்தாயிரம். சிஸ்டம்/360-இன் மென்பொருள் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்: ஆட்கள் கூடக்கூட, இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் அதைவிட வேகமாகப் பெருகும். பன்னிரண்டு பேருக்கு 66 ஜோடிகள். பத்தாயிரம் பேருக்கு 4 கோடியே 99 லட்சத்து 95 ஆயிரம். ஐ.பி.எம்.மில் அனுபவப்பட்டவர் எழுதிய பாடத்தை ஐ.பி.எம்.மே படிக்கவில்லை.

அந்தப் பிரிவிலிருந்து அடுத்து வந்தது வீட்டுக்கான பி.சி. ஜூனியர். 1983 நவம்பரில் அறிவித்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அது கடைக்கு வந்து சேரவில்லை. விசைப்பலகையின் விசைகள் சூயிங்கம் துண்டுகள்போல இருந்ததால் சரளமாகத் தட்டச்சு செய்ய முடியாது. மூத்த பி.சி.யின் விற்பனையை இது தின்றுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே குறை வைத்தார்கள் என்பதே அன்று பலரும் சொன்ன காரணம். 1985 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். எஸ்ட்ரிட்ஜ் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே வேறு பொறுப்புக்கு மாற்றப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 2 அன்று டல்லஸ் விமான நிலையத்தில் நடந்த டெல்டா விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். வயது 48.

1986 செப்டம்பரில் இன்டெல்லின் புதிய 386 புரோசஸரோடு காம்பேக் ஒரு கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, ஐ.பி.எம்.மிடம் அப்படியொன்று இல்லை. 1987 ஏப்ரலில்தான் பி.எஸ்/2 வரிசை வந்தது. ஐ.பி.எம். பி.சி.யில் அடுத்த அடி எது என்பதை அதற்குள் மற்றவர்கள் தீர்மானிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

2004 டிசம்பரில் ஐ.பி.எம். தன் பி.சி. தொழிலையே விற்றது. வாங்கியது சீனாவின் லெனோவோ. அந்தப் பிரிவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இருந்த அதே 1984-இல், பெய்ஜிங்கில் லியு சுவான்சி என்பவரோடு பதினொரு பேராக, இரண்டு லட்சம் யுவான் முதலோடு, அறிவியல் கழக வளாகத்தின் காவலாளி அறையில் தொடங்கிய கம்பெனி அது. தொடக்கத்தில் டி.வி. பெட்டிகளை வாங்கி விற்கப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்கள் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)