எடைக்குப் போடும் முன்

புதுக்கணக்கு எழுதியதும் பரணில் கிடக்கும் பழைய பேரேடுகளைப் பேப்பர் கடைக்கு எடைக்குப் போடுகிறோம். ஜி.எஸ்.டி.க்கு, ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருந்தால் போதும். தாத்தா காலத்து நோட்டுகள் வேறு சங்கதி.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வெள்ளி வேலைக்காரர் பால் ரிவியர். அந்நாளில் அங்கே அரசு முத்திரை கிடையாது. செய்தவர் தம் பெயரையே அடிப்பார். 1768-இல் காப்லி என்ற ஓவியர் அவரைக் கையில் டீப்பாத்திரத்துடன் வரைந்தார். அழகான படம்தான். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப் போவது ரிவியர் கடையின் நாள்வழி ஏடுகளை. யார் வாங்கினார், எடை என்ன, செய்கூலி எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. காப்லி வாங்கிய படச் சட்டம்கூடப் பற்றில் இருக்கிறது!

நம் பக்கம்? சென்னை பி.ஆர். அண்ட் சன்ஸ் விற்ற, சாமி உருவம் புடைத்த பழைய வெள்ளிச் சாமான்களில் கடைப் பெயர் இருக்கும். தட்டிய ஆசாரியின் பெயர் பெரும்பாலும் இருக்காது. உள்ளூர் ஆசாரிக்கு அந்த முத்திரையும் இல்லை. வெங்காரமும் புளியும் கடனுக்கு வாங்கியிருந்தால், அவர் பெயரும் ஊரும் தேதியும் நம் மளிகைக்கடைப் பற்று வரவில்தான் இருக்கும்.

1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இணைவதற்கு முந்தைய ஏடு கிடைத்தால் கட்டாயம் பிரித்துப் பாருங்கள். ஈரம் படாமல் துணியில் கட்டி, வசம்பு போட்டு வையுங்கள். இடமில்லையென்றால் திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு தராசில் வைக்கலாம்.