சாண் நீளக் காரும் கள்ளக்குறிச்சி உளியும்

பொம்மை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்! படிப்பும் பெரிய பதவியும் வாங்கித் தந்த மரக்கட்டையின் கதை

கள்ளக்குறிச்சி என்று ஊர்ப் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் இப்போது ஒரு மாதிரி பார்க்கிறார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்களே, அந்தக் கறை ஊர்ப் பேரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு பேரும் உண்டு. அது சாராயத்தால் வந்த பேர் அல்ல. உளியால் வந்த பேர்!

2021-ம் ஆண்டு "கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்" புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் செதுக்கப்படும் சாமி சிலைகளுக்கும் வேலைப்பாடுகளுக்கும் கிடைத்த மரியாதை அது. ராஜாக்கள் காலத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த தொழில் என்பார்கள்.

அந்த உளிக்கு இன்று ஒரு புது வேலை சொல்லப் போகிறோம். கார் செய்யும் வேலை! ஓட்டிப் போகிற கார் அல்ல. சாண் நீளக் கார். அதிலும் சாதாரணக் கார் அல்ல, "ஹாட் ராட்" என்கிற முரட்டுக் கார்.

"விநாயகர் செதுக்குகிற கைக்கும் அமெரிக்காக்காரன் பொம்மைக் காருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

காயலான் கடை கார்

ஹாட் ராட் என்றால் என்ன? சுருக்கமாகச் சொன்னால், காயலான் கடைக்குப் போக வேண்டிய காரை ரேஸ் காராக்குவது.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908 முதல் 1927 வரை "டி மாடல்" கார்களை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளினார். பிறகு 1932-ல் எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவு விலைக் காரிலேயே பொருத்தி விற்றார். பழைய கார்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன.

கலிபோர்னியா இளைஞர்களுக்குக் குஷி. பழைய வண்டியை வாங்கி மட்கார்டைக் கழற்றினார்கள். பம்பரைக் கழற்றினார்கள். கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பதுதான் கணக்கு. வற்றிப்போன ஏரிகளின் தரையில் விட்டு விரட்டினார்கள். 1937-ல் இவர்களுக்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது. 1948-ல் தனிப் பத்திரிகையும் வந்தது.

பணக்காரன் ரேஸ் காரைக் காசு கொடுத்து வாங்குவான். காசில்லாதவன் தானே செய்துகொள்வான். ஹாட் ராட் பிறந்த கதை இவ்வளவுதான்.

நம்ம சோழவரம்

இது என்னவோ வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். அங்கே வற்றிய ஏரி என்றால், இங்கே சோழவரம்!

சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. பியட்டும் அம்பாசிடரும் எஞ்சின் மாற்றி, எடை குறைத்துக் களத்தில் இறங்கின. அவை நம்ம ஊர் ஹாட் ராட்கள்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய களம் அமைந்தது.

கோவையில் கரிவரதன் என்பவர் மாருதி கார் எஞ்சினை வைத்து "பார்முலா மாருதி" ரேஸ் காரையே கட்டினார். அந்த வகைக் காரில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர். உள்ளூர்க் கை செய்த வண்டி உலகக் களத்துக்கு வழி விட்டது!

டப்பாவுக்குள் கார்

நிஜக் காரை அறுக்க எல்லோருக்கும் இடமும் இல்லை, காசும் இல்லை. அதனால் கார் சின்னதாயிற்று.

1958-ல் ஏ.எம்.டி. என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு வேலை செய்தது. ஒரு டப்பா. உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். அவற்றை ஒட்டி ஒரே காரை மூன்று விதமாகச் செய்யலாம். கம்பெனியிலிருந்து வந்தபடியே செய்யலாம். இஷ்டப்படி அலங்கரித்துச் செய்யலாம். ரேஸ் காராகவும் செய்யலாம். பையன்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அளவு 25-ல் ஒன்று. அதாவது நிஜக் காரில் 25 செ.மீ. இருப்பது பொம்மையில் 1 செ.மீ.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1960-களின் கடைசியில் மோனோகிராம் என்ற கம்பெனி "ரெட் பேரன்" என்று ஒரு பொம்மைக் கார் டப்பா போட்டது. கூரைக்குப் பதில் ஜெர்மன் சிப்பாயின் இரும்புத் தொப்பி! அப்படி ஒரு கார் உலகத்திலேயே கிடையாது. பொம்மை அமோகமாக விற்றது. அப்புறம் அதைப் பார்த்து நிஜக் காரையே செய்தார்கள்! காரைப் பார்த்துப் பொம்மை செய்வது போய், பொம்மையைப் பார்த்துக் கார்!

மரக்கட்டையில் காலேஜ் படிப்பு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ். அதன் பிஷர் என்ற பிரிவு 1930-ல் பையன்களுக்கு ஒரு போட்டி வைத்தது. முதலில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? நெப்போலியன் காலத்து ராஜ வண்டியைச் சின்ன அளவில் அப்படியே செய்து காட்ட வேண்டும். சக்கரம், கதவு, சித்திர வேலை ஒன்றும் விடக் கூடாது.

நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், ஒரு குட்டித் தேர்!

பிறகு 1937 முதல் சொந்தக் கற்பனையில் கார் செய்து அனுப்பச் சொன்னார்கள். மரக்கட்டையை இழைத்து, செதுக்கி, வண்ணம் பூசி அனுப்பினார்கள் பையன்கள். ஜெயித்தவர்களுக்குக் காலேஜ் படிப்புக்குப் பணம். 1968 வரை இந்தப் போட்டி நடந்தது.

1947-ல் ஜெயித்தவர்களில் ஒருவர் சக் ஜோர்டன் என்ற இளைஞர். அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1986-ல் கம்பெனியின் கார்கள் அத்தனைக்கும் உருவம் கொடுக்கும் பிரிவின் தலைவராகவே ஆகிவிட்டார்!

அங்கே சாரணச் சிறுவர்களுக்கும் 1953 முதல் ஒரு போட்டி நடக்கிறது. ஒரு மரக்கட்டை, நாலு சக்கரம், அச்சுக்கு ஆணி. செதுக்கிக் காராக்கிச் சரிவில் விட வேண்டும். எஞ்சின் கிடையாது. வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற மாட்டு வண்டி மாதிரி, சரிவும் பாரமும்தான் எஞ்சின்.

மரக்கட்டை, சின்ன உளி, பொறுமை. இந்த மூன்றும் கள்ளக்குறிச்சியில் இல்லாத சரக்கா?

தாளமும் அங்குலமும்

அளவைச் சுருக்கிச் செய்கிற வித்தையை நம் சிற்பிகளுக்கு எந்த வெளிநாட்டுக்காரரும் சொல்லித்தர வேண்டாம்.

சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளம் ஒரு தாளம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு அங்குலம். இந்தச் சாமிக்கு இத்தனை தாளம் என்று கணக்கு உண்டு. சிலை அரை அடியானாலும் ஆறடியானாலும் கணக்கு ஒன்றுதான். மூக்குக்கும் முழங்காலுக்கும் உள்ள விகிதம் மாறாது.

கார் மாடல் செய்கிறவன் சொல்லும் "ஸ்கேல்" என்பதும் இதேதான்! பேர்தான் வேறு.

இன்னொன்று. நம்ம கோயில் தேரை இங்கிலீஷில் வெள்ளைக்காரன் எப்படி எழுதினான்? "டெம்பிள் கார்" என்றுதான். திருவாரூர் ஆழித் தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்பார்கள். அதை 25-ல் ஒன்றாகச் செய்தால் நாலடிக்கும் குறைவு. வீட்டு வாசற்படியில் நுழைந்துவிடும்.

நாலால் பெருக்கு!

சரி, ஒரு கார் செய்து பார்ப்போமா? நம்ம அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். 2014-ல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. இனி புது அம்பாசிடர் வேண்டுமென்றால் மரத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்!

25-ஆல் வகுக்கத் திணற வேண்டாம். கடைக்காரர் கணக்கு ஒன்று இருக்கிறது. நாலால் பெருக்கி, இரண்டு தானம் தள்ளிப் புள்ளி வையுங்கள். அம்பாசிடர் நீளம் சுமார் 432 செ.மீ. நாலால் பெருக்கினால் 1728. புள்ளி வைத்தால் 17.28 செ.மீ. முடிந்தது! அகலம் 6.6, உயரம் 6.4 செ.மீ. வரும். சக்கரம் கிட்டத்தட்ட பத்து ரூபாய் நாணயம் அளவு.

வெடிப்பும் முடிச்சும் இல்லாத கட்டையாகப் பாருங்கள். பக்கத் தோற்றத்தைக் காகிதத்தில் வரைந்து கட்டையில் ஒட்டுங்கள். அதன்படி அறுங்கள். பிறகு மேல் தோற்றம். அதன் பிறகுதான் உளி. அட்டையில் வெட்டிய அச்சை அடிக்கடி வைத்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? ஒரு மில்லி மீட்டர் பிசகினால் நிஜக் காரில் அது 25 மில்லி மீட்டர். ஒரு இஞ்ச் கோணல்! எந்த டிங்கரிங் பட்டறைக்காரரும் அப்படி ஒரு வண்டியை வெளியே விட மாட்டார்.

இனி ஹாட் ராட் வேலை. நிஜ வண்டியில் கூரையை 10 செ.மீ. தாழ்த்துவார்கள் என்றால் இதில் 4 மில்லி மீட்டர். பின் சக்கரம் பெரிது, முன் சக்கரம் சிறிது. முன்பக்கம் தணிந்து பின்பக்கம் தூக்கி நிற்க வேண்டும், முட்ட வருகிற ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி! பானெட்டை எடுத்துவிட்டு எஞ்சினைத் திறந்து காட்டுவதும் உண்டு.

சாமான்களுக்குக் கடை தேட வேண்டாம். தீர்ந்துபோன பேனா ரீபிள் சைலன்சர் குழாய் ஆகும். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் பம்பருக்குப் பளபளப்புத் தரும். உடைந்த பழைய பொம்மையின் சக்கரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றில் மாட்டுவதுதான் இந்தக் கலையின் உயிரே.

கடைசியில் உப்புத்தாள், பட்டி, பெயின்ட். அவசரக்காரர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். மரத்தின் ரேகை தெரிந்தால் கார் பொம்மையாகிவிடும். பெயின்ட் தடித்தால் கதவுக் கோடு அடைந்துவிடும். ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிசாகப் பல தடவை, காயவிட்டுக் காயவிட்டுப் பூச வேண்டும். தின்னர் வாடை தலையைச் சுற்றும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் உளி பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

திட்டாதீர்கள்!

நம்ம பிள்ளைகளுக்கு வண்டி செய்யத் தெரியாதா என்ன? நுங்குக் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடாத தலைமுறை உண்டா? சோளத்தட்டையில் மாட்டு வண்டி செய்தோம். பழைய பேரிங்கைப் பலகையில் மாட்டித் தெருவில் விட்டோம். இன்றைக்கும் அரசு பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் பி.வி.சி. ஷீட்டில் அச்சு அசலாகச் செய்கிற இளைஞர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

பிறகு என்ன குறை? "படிக்கிற வேலையைப் பாருடா" என்று ஒரே அதட்டு. வண்டி குப்பைக்குப் போகிறது. அதோடு அந்தக் கையும் நின்றுபோகிறது.

அமெரிக்காவில் அதே மரக்கட்டையைப் பார்த்து "இந்தா, காலேஜுக்குப் போ" என்றார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குக் கிடைத்த குறியீடு பாரம்பரிய வேலைக்குத்தான். காருக்கு அல்ல. ஆனால் கை அதே கைதான். மெஷின் உளிகள் வந்துவிட்ட காலம் இது. சிற்பி வீட்டுப் பிள்ளை தொழிலை விட்டுப் போகாமலிருக்க, பழைய கைக்குப் புதிய ஆசை ஒன்று வேண்டும். பூவும் கொடியும் செதுக்கப் பத்து வயதுப் பையன் கொட்டாவி விடலாம். கார் என்றால் ஓடி வருவான். கார் செய்யப் பழகிய கை நாளைக்குத் தேரும் செய்யும்.

கல்வராயன் மலைப் பள்ளிக்கூடங்களிலும் சரி, அடிவாரத்துப் பள்ளிக்கூடங்களிலும் சரி, ஆண்டுக்கு ஒரு நாள் ஆளுக்கு ஒரு கட்டை கொடுத்துப் பார்க்கட்டும். ஒரு சாய்ந்த பலகை, ஒரு மணியோசை, முதல் பரிசுக்கு நல்லதாக ஒரு உளி. பெரிய செலவில்லை. உள்ளூர்ச் சிற்பியையே நடுவராக உட்கார வைக்கலாம். அவருக்கும் மரியாதை, பிள்ளைகளுக்கும் பாடம். சாராயத்தால் கெட்ட பேரை உளி மீட்டுத் தரட்டுமே!

இன்று ராத்திரி வீட்டுக்குப் போகும்போது பையனோ பெண்ணோ அட்டையையும் மூடியையும் வைத்துக்கொண்டு ஏதாவது வண்டி ஒட்டிக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள்.

பக்கத்தில் உட்காருங்கள். கையில் ஒரு ஸ்கேலைக் கொடுங்கள். "நாலால் பெருக்கு" என்று சொல்லிக் கொடுங்கள்.